ஆறாவது முறைப்பாடு

“பேனையைக் கீழ வையுங்கோ. பையள் ஒண்டையும் தொடவேண்டாம். அப்பிடியே ஒவ்வொருத்தராய் இறங்குங்கோ.”

மேல்மாடி மண்டப வாசலில் நின்று அதைச் சொன்ன கட்டடப் பொறுப்பாளர் தில்லைநாதனின் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அவருக்குப் பின்னால் பொலிஸார் நாயோடு நின்றார்கள். பரீட்சை எழுதிக்கொண்டிருந்த எண்பது பேரும் ஐந்து நிமிடத்தில் வெள்ளவத்தைக் கடற்கரை ஒழுங்கைக்கு வந்துவிட்டார்கள்.

சமூகக் கல்லூரியின் பணிப்பாளர் இராசரத்தினத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எவனோ பொலிசுக்குப் போன் பண்ணி, மேல்மாடியில் குண்டு என்று சொல்லியிருக்கிறான். தெருவில் தனியாகக் கிடக்கும் ஒரு பையைக் கண்டாலே கொழும்புச் சனம் மறுகரைக்கு மாறி நடந்த காலம் அது. பொலிஸ் வராமல் என்ன செய்யும்?

“படிக்காமல் வந்த ஆரோ ஒருத்தன்ர வேலை. அவன்ர சோம்பலுக்கு எண்பது பேரின்ர வருசம் போகப்போகுது,” என்று பொருமினார்.

வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சை மேற்பார்வையாளர் றொபேட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொரு மணிக்குள்ள பிள்ளையள் மேசையில இருக்காட்டி, ரத்து எண்டுதான் நான் எழுதவேணும். அடுத்த பரீட்சை இனி வாற வருசம்தான்.”

இந்தப் பரீட்சைக்காக இராசரத்தினம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்லூரிக்கென்று இருப்பது இந்த ஒரே மண்டபம். பம்பலப்பிட்டியில் வேறொன்று கேட்டால், பாதுகாப்பு அனுமதிக்கே ஒரு மாதம் செல்லும் என்றார்கள். கட்டடச் சொந்தக்காரரோ கனடாவில் இருந்துகொண்டு தொலைபேசியை எடுப்பதேயில்லை.

போதாக்குறைக்கு இந்தத் தில்லைநாதன். அரசாங்கத்தில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், எதற்கெடுத்தாலும் கடிதம். ‘பொருள்: மேல்மாடி மேற்குச் சுவரின் வெடிப்பு’ என்று மூன்று மாதத்தில் ஐந்து கடிதம் தந்துவிட்டார். வெடிப்பு நீள நீள, அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் திகதியும் எழுதிவைப்பார். பரீட்சை முடியட்டும் பார்ப்போம் என்று இராசரத்தினம் அதன்மேல் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்தார்.

நேற்று இன்னொரு கூத்து. ‘பரீட்சைக்கு வருவோர் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கட்டாயம் கொண்டுவரவும்’ என்று தில்லைநாதன் தானாகவே கேற்றில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார். “கட்டடம் பாக்கிற உமக்கு இதெல்லாம் ஏன்?” என்று இராசரத்தினம் சத்தம் போட்டார். ஆனால் இன்று பொலிஸார் வரிசையில் நிறுத்திச் சோதித்தபோது எல்லோர் கையிலும் இரண்டும் இருந்தன. அதனால் சந்தேகத்தில் ஒருவரையும் ஜீப்பில் ஏற்றவில்லை. அதை நினைத்து ஆறுதல்படக்கூட அவருக்கு மனமில்லை.

கடைசி வரிசையில் இருந்து எழுதிய பஹ்மியா அழத் தொடங்கியிருந்தாள். “என்ட பேப்பர் பாதியில ஈக்கி, ஸேர்.”

பத்து ஐம்பதுக்கு இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். “மொகுத் நே, மஹத்தயா. ஒண்டும் இல்ல. பொய் கோல். பிள்ளைங்க மேல போகலாம்.”

“ஓடுங்கோ பிள்ளையள், பத்து நிமிசம் இருக்கு,” என்று இராசரத்தினம் கையைத் தட்டினார்.

பிள்ளைகள் ஓடி வந்தால், படிவாசலை மறித்துக்கொண்டு தில்லைநாதன் நிற்கிறார். “றெயின் ஒண்டு வருது, ஸேர். அது போகட்டும்.”

இராசரத்தினத்துக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் போய்விட்டது. “றெயின் என்ன படியாலயோ ஏறி வரப்போகுது? விலகும் காணும்.”

தில்லைநாதன் விலகவில்லை. ஒழுங்கை முனையில் காலிக்குப் போகும் ரயில் தடதடவென்று கடந்தது. அது போன கையோடு மேலே பெரிய சத்தம் ஒன்று கேட்டது.

“வெடிச்சிட்டுது,” என்று யாரோ கத்த, பிள்ளைகள் நிலத்தில் குப்புறப் படுத்தார்கள். பொலிஸார் துவக்கைத் தூக்கினார்கள். மேல்மாடி ஜன்னல்களால் தூசு புகையாக வந்தது.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் இராசரத்தினமும் தில்லைநாதனும் ஏறிப்போனார்கள். நெருப்பும் இல்லை, கருகல் மணமும் இல்லை. மேற்குச் சுவர் இருந்த இடத்தில் கடல் தெரிந்தது. கடைசி இரண்டு வரிசை மேசைகளின் மேல் செங்கல் இடுப்பளவு குவிந்து கிடந்தது. பஹ்மியாவின் மேசையில் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, அதில் திரைச்சீலையின் ஒரு முனை சிக்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கீழே போனார். இராசரத்தினம் பக்கத்திலிருந்த வாங்கில் அப்படியே இருந்துவிட்டார். அந்தப் போன் மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

“அந்தப் பொய்க் கோல் எடுத்தவன் ஆரெண்டாலும், அவன்ர காலில நான் விழவேணும்,” என்றார்.

தில்லைநாதன் வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கோடு போடச் சுவர் இல்லை என்று கண்டு திரும்பவும் வைத்துக்கொண்டார்.

“நான் பொய் சொல்லேல்ல, ஸேர். மேல்மாடியில வெடிப்பு எண்டுதான் சொன்னனான்.”