ரேகை விழாத கை

"இன்னொரு தடவை வை. நல்லா அழுத்து."

பாத்திரம் தேய்க்கும் அக்கா அழுத்தினாள். இது மூன்றாவது தடவை. தாளில் கறுப்பாக ஒரு திட்டு விழுந்ததே தவிர, கோடு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"பத்து விரலும் மழமழன்னு இருக்கு சார்," என்றார் ரேகை எடுக்க வந்தவர்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அந்த வீட்டு அம்மாவின் வைர வளையல் காணாமல் போய் இரண்டு நாள் ஆகிறது. நகைப்பெட்டி மூடியில் அம்மாவின் ரேகை போக இன்னொரு கையின் ரேகையும் இருந்தது. டிரைவருடையதை எடுத்துப் பார்த்தார்கள், தோட்டக்காரருடையதையும் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. மிச்சம் இவள் ஒருத்திதான்.

"வேணும்னே தேச்சு அழிச்சிருக்கா. ஏறு வண்டியில," என்று இன்ஸ்பெக்டர் அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஏறினால் அவ்வளவுதான். நாளைக்கே விட்டுவிட்டாலும், போலீஸ் கூட்டிப்போனவளை இந்தத் தெருவில் எந்த வீடும் உள்ளே விடாது. செய்கிற ஐந்து வீட்டு வேலையும் போய்விடும்.

சோபாவில் இருந்த வீட்டு ஐயா, பதினோரு வருஷம் நம்பினோமே என்று ஒரு பாட்டம் புலம்பினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேச்சுதான் சார் அழிஞ்சுது. பதினோரு வருஷமா இவங்க பாத்திரத்தைத் தேச்சு."

இன்ஸ்பெக்டர் கையை ஓங்கினார். அவள் அசையவில்லை. ரேகை எடுப்பவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பெட்டியில இருக்கிற ரேகை எப்படி இருக்கு?"

"நல்லாத் தெளிவா இருக்கும்மா. அஞ்சு விரலும் விழுந்திருக்கு."

"அப்ப அது எப்படிண்ணே என் கையாகும்? அது வேலை செஞ்ச கையே இல்ல. இந்த வீட்டுல இன்னும் ரெண்டு பேர் கையைப் பார்க்கலியே. ஐயாவோடதையும் தம்பியோடதையும் எடுங்க."

"ரெண்டு நாள்ல கை இப்படித் தேயாது சார்," என்று ரேகை எடுப்பவர் இரண்டு புதுத் தாள்களை எடுத்து வைத்தார். அதுவரை மாடிப்படியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஐயாவின் மகனைக் காணவில்லை. மேலே அறைக்கதவு தாழிடும் சத்தம் கேட்டது.

ஐயாவுக்கும் கேட்டது. எழுந்து வந்து இன்ஸ்பெக்டரின் தோளில் கை போட்டார்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். சின்னப் பையன், ஏதோ தெரியாம செஞ்சிருப்பான். இது எங்க வீட்டு விஷயம். நாங்களே பேசித் தீர்த்துக்கிறோம்."

சின்னப் பையனுக்கு இருபத்தாறு வயது.

இன்ஸ்பெக்டர் அதுவும் சரிதான் என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். போகும் வழியில் அவளிடம், உனக்கும் நல்லதாப் போச்சு, போய் வேலையைப் பார் என்றார்.

அவள் வேலையைப் பார்க்கப் போகவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எடுத்தா திருட்டு, தம்பி எடுத்தா வீட்டு விஷயமா? சந்தேகப்படுற ஆள்னு என் பேரை எழுதினீங்களே, அதே தாள்ல அவர் பேரையும் எழுதுங்க சார். அதுக்கப்புறம் வாபஸ் வாங்கட்டும்."