நூற்று நாலாவது குச்சி

"இதுல என்ன கஷ்டம் அத்தான்? படந்தான் வரைஞ்சு தந்திருக்கேம்லா, அதைப் பாத்து அடுக்க வேண்டியதுதான?" என்றாள் ஜெமிமா.

"நீ ஈசியா சொல்லுத. ஒன்றரை மாசமாச்சு ஜெமி! கடைசிக் குச்சி மட்டும் எட்ட மாட்டேங்கு."

ரிச்சர்ட் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ராதாபுரம் தாலுகா முழுக்க நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர். இப்போது இருதயத்தில் ஒரு ஸ்டென்ட். இனி சிகரெட்டைத் தொட்டால் என்னிடம் வரவே வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடைசிப் பாக்கெட்டைப் பிடுங்கி ஒளித்து வைத்த மனைவி ஜெமிமா, கணக்கு டீச்சர் ஆயிற்றே, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு தொடங்கிய அன்று ஒரு பந்தயம் கட்டினாள். நூற்று நாலு தீக்குச்சிகள். ஒவ்வொரு முனையிலும் சரியாக நாலு குச்சி சேர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. அடுக்கி முடித்தால் பாக்கெட் அவருக்கு. அதுவரை கடைப்பக்கமே போவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஈஸ்டரும் வந்து போய்விட்டது.

"தீப்பெட்டிக்காரன் குச்சி நீளத்தைக் குறைச்சிட்டான். வேற பெட்டி வாங்கு."

"மூணு தடவை வாங்கியாச்சு. ஒங்களுக்குத்தான் கை நடுங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. வரப்பு ஒரு சாண் பிசகினாலும் மறுபடி அளந்த கை இது!

மத்தியானம் ஜெமிமா சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாக்கு வறண்டது. ஒன்றே ஒன்று போதும். வாக்காவது மண்ணாவது!

பீரோவைக் குடைந்தார். அரிசி டின்னுக்குள் கைவிட்டார். கடைசியில் தையல் பெட்டியின் அடியில், நகவெட்டிக்குப் பக்கத்தில், அந்தப் பாக்கெட் இருந்தது. திறந்தார்.

சிகரெட் ஒன்றுகூட இல்லை. உள்ளே நிறைய, அரிசிக் குருணை போல, நகவெட்டியால் நறுக்கிய தீக்குச்சிகளின் வால் நுனிகள்.

சாயங்காலம் ஜெமிமா செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜையருகே வந்தாள். "என்ன அத்தான், முடிச்சிட்டீங்களா?" குரலில் பயம் இருந்தது.

"எங்க முடியுது! ஒரு குச்சி எட்டவே மாட்டேங்கு" என்றார் ரிச்சர்ட், தையல் பெட்டி இருந்த பக்கம் திரும்பாமலே. "நாளைக்கு நீயே பாத்து இன்னொரு பெட்டி வாங்கிட்டு வா ஜெமி."