எட்டாவது சாமான்

"புதினா எங்க?"

மஜீதா பையைக் கூடத்தில் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"மறந்துட்டேன் மஜீதா" என்று அவள் கணவர் கியாசுதீன் தலையைச் சொறிந்தார்.

"எட்டு சாமான் சொன்னா தினம் ஒண்ண விட்டுட்டு வந்து நிக்கிறீங்க. மூளைக்கு வேலை கொடுங்க, சீட்டு எழுதாம மனசுல வச்சு வாங்குங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. காதுல வாங்குனாத்தானே?"

சென்னையிலிருந்து வந்திருந்த மகள் ஹஃப்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த மூன்று நாளும் இதே கூத்து. எழுபத்திரண்டு வயசு மனுஷரை நிற்க வைத்து இப்படியா வறுத்தெடுப்பது?

"அம்மா, மறதி இருக்கறவர்கிட்ட போய் எரிஞ்சு விழறீங்களே! சீட்டுல எழுதிக் கொடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்?"

"நீ சும்மா இரு. சீட்டு குடுத்தா மூளை துருப்பிடிச்சுப் போயிடும்."

மறுநாள் காலை அடுப்படியிலிருந்தே மஜீதா எட்டுச் சாமானும் சொன்னாள். கியாசுதீன் விடவில்லை. "இன்னொரு தடவ சொல்லேன்... கத்தரிக்காய்க்கு அப்புறம் என்ன?" என்று மூன்று முறை சொல்ல வைத்தார். அதற்கும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஹஃப்ஸா எட்டையும் ரகசியமாகச் சீட்டில் எழுதிக்கொண்டு, அத்தா கியாசுதீனோடு காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.

சீட்டுக்கு வேலையே வரவில்லை. காய்கறிக் கடை அழகிரியிடம் அத்தா கடகடவென்று சொல்லி, ஏழு சாமானை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அத்தா, முருங்கைக்காய விட்டுட்டீங்க."

"தெரியும்மா. வேணாம், வா."

தெரியுமா? தெரிந்துகொண்டே இந்த மனுஷர் எதற்குத் திட்டு வாங்குகிறார்? கேட்பதற்குள் அவர் விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

வீட்டில் பை கவிழ்ந்தது. மஜீதா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அட! இன்னைக்கு ஒண்ணு விடாம வாங்கிட்டு வந்துட்டாரே! பாத்தியா ஹஃப்ஸா, நான் திட்டுனது வீண் போகல."

காய்களை அள்ளிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போக, கியாசுதீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னத்தா? அம்மா பாராட்டினா சந்தோஷப்பட வேணாமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் எங்க ரெண்டு பேரையும்தான் சோதிச்சாரு. மறதி ஆரம்பிச்சிருக்கறது உங்கம்மாவுக்கு. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. அதான் எனக்குன்னு சொல்லி வச்சேன். தினம் எட்டு சொல்ல வச்சு, ஒண்ண வேணும்னே விட்டுட்டு வருவேன். உடனே கண்டுபிடிச்சுடுவா. ஆறு மாசத்துல இன்னைக்குத்தான் முதல் தடவையா..."

ஹஃப்ஸா சீட்டை எடுத்து, அதிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்தாள்.

அடுப்படியில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

"ஏங்க! சாம்பாருக்கு முருங்கைக்காய் சொன்னேனே, எங்க? நான் அசந்தா என்னையே ஏமாத்திடுவீங்களா?"

"அல்ஹம்துலில்லாஹ்!" கியாசுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மறந்துட்டேன் மஜீதா! சுத்தமா மறந்தே போயிட்டேன்!"

கையிலிருந்த சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, ஹஃப்ஸா அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

"விடாதீங்கம்மா! அத்தாவ இன்னும் நாலு வார்த்தை நல்லாத் திட்டுங்க!"