ஏழாவது நிமிடம்

நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்த எஸ்தருக்கு வலது காது மங்கிவருவதாக டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. இடது காதுக்கும் பரவலாம் என்றிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கல்லூரி நாளிலிருந்து கேட்டுவந்த அந்தப் பழைய எலக்ட்ரானிக் இசைத்தொகுப்பைப் போட்டுவிடுவாள். அதில் தாளமில்லை, பாட்டில்லை. ஒரு சுரம் மெல்ல எழும். அது கரைந்துபோவதற்குள் இன்னொன்று வந்து சேரும். முன்பெல்லாம் அதில் தன்னை மறந்து கிடந்தவள் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஏழாவது நிமிடத்தில், எங்கோ தொலைவில், ஒரு சின்ன மணி ஒரேயொரு முறை ஒலிக்கும்.

இன்று ஒலிக்கவில்லை. மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

“என்னங்க, கொஞ்சம் வாங்களேன். இதுல ஒரு மணிச் சத்தம் வருதான்னு கேட்டுச் சொல்லுங்க.”

பாதி சவரம் செய்த முகத்தோடு வந்த அவள் கணவன் ஜெபசிங், எதுவும் கேட்காமல் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். எஸ்தர் அவன் முகத்தையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏழாவது நிமிடத்தில் அவன் இமை லேசாகத் துடித்தது.

“கேட்டுச்சா?”

“ஒண்ணும் வரலியே எஸ்தர். இதுல மணியே கிடையாது போல” என்றான், கண்ணைத் திறக்காமல்.

அவன் கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த சோப்பு நுரையை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“சரி, கழட்டிராதீங்க” என்றாள். “கடைசிவரைக்கும் கேளுங்க.”