தேன்சிட்டின் எதிரி

“வந்துட்டான் பாரு, சண்டைக்காரன்!” என்றாள் சீனியம்மாள்.

அவன் வந்த வேகத்தில் ஜன்னல் கண்ணாடியில் மோதினான். மூக்கால் குத்தினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ஆண் தேன்சிட்டுக்கு அவ்வளவு ஆத்திரம்.

“கண்ணாடியில தெரியுற தன் உருவத்தை, எடம் புடிக்க வந்த இன்னொரு ஆணுன்னு நெனைக்குதுக்கா. கூடு இருக்க மரத்தை விட்டுக்குடுக்குமா?” என்றாள் நதியா. விலங்கியல் படித்துவிட்டு அருள்புரத்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள்.

சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்ததும், சேலைக்கு மேலே போட்டிருந்த பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் பெண்கள் சேலை திருத்திக்கொள்வது இந்தக் கறுப்புக் கண்ணாடியில்தான். அதன் பின்னால் சாம்பிள் ரூம். எப்போதும் பூட்டு, உள்ளே இருட்டு.

இன்று சீனியம்மாள் சட்டையில் கை வைக்கவில்லை. அவளுடைய இடுப்பு மச்சம் டீக்கடைப் பேச்சாகியிருந்தது. “எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போச்சுன்னா என்னைய உசுரோட வைக்கமாட்டாரு நதியா.”

நதியாவின் சந்தேகமெல்லாம் கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ் மேல். மத்தியானமே மேனேஜரிடம் பொரிந்து தள்ளியிருந்தாள். “சாம்பிள் ரூம்ல ஒளிஞ்சிருந்து பாத்தானோ என்னவோ!”

“அதெப்படீங்க? சாவி எங்கிட்டத்தான இருக்குது. மரத்துமேல ஏறிப் பாத்திருப்பான், களவாணி. நாளைக்கே அவன் சீட்டக் கிழிச்சுப்போடறேன், நீ போ கண்ணு.”

அந்தோணிராஜ் இப்போது கேட் பக்கத்தில் நின்றிருந்தான். நதியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இங்க எவள வேடிக்கை பாக்க நிக்கிற?”

“வேனுக்குத்தான் நிக்கேன் தாயி. நாளைலருந்து அதுவும் கிடையாதுன்னுட்டாங்கல்ல!”

பதிலுக்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கண்ணாடியில் குத்துகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

சிட்டு ஜன்னல் விளிம்பில் திகைத்து உட்கார்ந்திருந்தது. எதிரியைக் காணோம். அவன் இருந்த இடத்தில், தையல் ஹாலின் டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடிக்குள் நீளமாகத் தெரிந்தது. சாம்பிள் ரூமின் உள்கதவு திறந்திருக்கிறது!

மறுநொடி வெளிச்சம் மறைந்தது. கண்ணாடி கறுத்தது. எதிரி திரும்பி வந்துவிட்டான். சிட்டு மறுபடியும் பாய்ந்தது.

சீனியம்மாள் பதறி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நதியா கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள்.

“அந்தோணி அண்ணன் இங்க வெளியதான் நிக்காரு சார்!”