போர்வைக்குள் நான்

நெஞ்செரிச்சலுக்கென்று வாங்கிய சரிவுத் தலையணை, இரவில் என் முதுகைத் தாங்கும். பகலில் அது நானாகவே ஆகிவிடும்.

மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் படுத்தே தீர வேண்டும் என்பது மனைவியின் சட்டம். நான் தலையணையைக் கட்டிலில் கிடத்திப் போர்வையால் மூடிவிட்டு, பின்கதவு வழியாகத் தையல்காரர் வீட்டுச் சீட்டுக் கச்சேரிக்குப் போய்விடுவேன். என் தொந்திக்கும் அதன் சரிவுக்கும் நூலளவு வித்தியாசம் கிடையாது. இரண்டு மாதமாக அவளுக்குத் துளி சந்தேகமில்லை.

நேற்று பின்கதவால் திரும்பி, கொட்டாவி விட்டபடி கூடத்துக்கு வந்தால், பெட்டியும் கையுமாக அவளுடைய அண்ணன். ஆறு வருடமாக நான் வரவிடாமல் தடுத்து வைத்திருந்த மச்சான்!

"யாரைக் கேட்டு வரச் சொன்னே?" என்று அவள் காதைக் கடித்தேன்.

"உங்களைத்தான். 'அண்ணன் ரெண்டு மாசம் தங்கட்டுமா'ன்னு கட்டில் பக்கத்துல நின்னு மூணு தடவை கேட்டேன். வேண்டாம்னு சொல்லவே இல்லையே நீங்க?"

படுத்திருந்தது நானில்லை என்று சொன்னால் சீட்டுக் கச்சேரி அன்றோடு சரி. "தூக்கக் கலக்கம்..." என்று மென்று விழுங்கினேன்.

"உங்க ஸ்கூட்டரையும் அண்ணனே ஓட்டட்டும்னேன். அதுக்கும் நீங்க ஒண்ணும் சொல்லலை."

சமையலறைக்குள் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குப் போறப்ப போர்வையை நல்லா இழுத்து மூடிட்டுப் போங்க. தலையணை ஜிப்பு வெளியே தெரியுது."