முட்டிக்குள் இரண்டு பேர்

வேதவல்லியின் முழங்காலில் ஒரு நொதி குடியிருந்தது. தேய்ந்துபோன குருத்தெலும்பை மட்டும் நறுக்கி அப்புறப்படுத்துவது அதன் வேலை. ஒருநாள் உடம்பின் காவல் செல்கள் எதையோ தவறாக நினைத்து, “பகைவன் புகுந்துட்டான், வெட்டு” என்று விடாமல் கத்தின. நொதி நல்ல குருத்தெலும்பையும் வெட்டத் தொடங்கியது. முட்டி வீங்கிச் சிவந்தது.

“நான்தான்டா, உன் கூடவே இருக்கிறவன்,” என்றது குருத்தெலும்பு.

“தெரியுது. அந்தச் சத்தம் ஓயாம என்னால கையை நிறுத்த முடியலையே,” என்று அழுதது நொதி.

வேதவல்லி தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள். சில மாதத்தில் கூச்சல் அடங்கியது. நொதியின் கையும் நின்றது. இளைத்துப்போன நண்பனைப் பார்க்கவே அதற்குக் கூசியது.

“என்னைத் தடுத்தவங்களுக்குக் கோடி புண்ணியம்,” என்றது.

குருத்தெலும்பு, உதிர்ந்து கிடந்த தன் துணுக்குகளைக் காட்டியது. “இதையெல்லாம் நீதான் அள்ளணும். உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?”

நொதி நன்றியோடு குனிந்து முதல் துணுக்கை எடுத்தது.